உத்தி பிரித்த ஞாயிறுகள்

விளையாட்டுத் தலைவர் பயிற்சிக்கு நான் கை தூக்கியது ஊருக்கு நல்லது செய்ய அல்ல. வாரத்தில் இரண்டு மணி நேரம் கம்பி வேலிக்கு வெளியே சும்மா நிற்கலாம் என்பதற்காகத்தான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம். ரந்தா ஊரைத் தாண்டி உள்ளே இருந்தது 'பத்து செராய்' என்ற எங்கள் ரப்பர் தோட்டம். அதன் நான்கு டிவிசன் ஆட்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்து, சுற்றிலும் இரண்டாள் உயரத்துக்கு முள்கம்பி அடித்துப் பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. காட்டில் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் சேதியும் போய்ச் சேரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. காலையில் கேட்டில் தடவிப் பார்த்து வேலைக்கு விடுவார்கள். சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. சாயந்திரம் ஆறு மணிக்குக் கேட் மூடிவிடும்.

நூற்று நாற்பது குடும்பங்கள். என் வீட்டுக்கு இடது பக்கத்துப் பலகைச் சுவருக்கு அப்பால் ஒருவர் இருமுவார்; வலது பக்கத்தில் யாராவது சண்டை போடுவார்கள். கக்கூஸுக்கும் வரிசை, குழாயடிக்கும் வரிசை. பழைய டிவிசனில் இருந்தபோது வேலை முடிந்ததும் ஆற்றோரம் போய்க் கையில் கிடைத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படிப்பது கொஞ்சம், சும்மா இருப்பது அதிகம். அந்த ஆறு இப்போது வேலிக்கு வெளியே, பாடாங் என்கிற விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம் ஓடியது. சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரித்த பிறகு, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கந்தையா ஒரு கடிதத்தைப் படித்தார். தோட்டத்துக்கு ஒரு தொண்டர் போர்டிக்சனுக்கு வந்தால், மக்களுக்கு விளையாட்டு நடத்தப் பத்து நாள் பயிற்சி கொடுப்பார்கள். பயிற்சி பெற்ற ஆள் இருக்கிற தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை பாடாங்குக்குக் கேட்டைத் திறந்துவிட துரையும் போலீசும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். வெளியே போன தலைக்கும் உள்ளே வந்த தலைக்கும் ஒன்று குறைந்தாலும் அன்றோடு சரி. மூன்றாம் மாதம் பயிற்சி அதிகாரியும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் நேரில் வந்து பார்த்து, தொடரலாமா கூடாதா என்று முடிவு சொல்வார்கள்.

யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

கந்தையா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீரோ? நீர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லையே, காணும்."

பின்னாலிருந்து முனியாண்டி குரல் கொடுத்தான். "அர்ச்சுனன் ஆட்டத்துக்குக் கமாண்டரா? பந்துக்கே தூக்கம் வந்துரும்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வேறு ஆள் இல்லை. என் பேரையே எழுதிக்கொண்டார்.

போர்டிக்சனில் கடலைப் பார்த்த ஒரு பழைய பங்களாவில் பயிற்சி. இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தோம். ஆஸ்பத்திரி ஆட்கள், ரயில்வே ஆட்கள், பள்ளி வாத்தியார்கள். தோட்டத்திலிருந்து எட்டுப் பேர். நடத்தியவர் செல்வநாயகம். வெள்ளைக் கால்சட்டை, தினமும் சுண்ணாம்பு பூசிய கேன்வாஸ் சப்பாத்து. நல்ல ஆசிரியர். எதையும் மூன்று முறைக்கு மேல் சொல்ல மாட்டார்.

"வரிசை இல்லாட்டில் அது வெறும் கூட்டம்" என்பார். "முதல் நிமிஷத்தில வரிசை. ரெண்டாவது நிமிஷத்தில எண்ணிக்கை. மூண்டாவது நிமிஷத்தில விளையாட்டு. சரியோ?"

நான்காம் நாள் முதல் ஒவ்வொருவரும் மற்றவர்களை வைத்து இருபது நிமிஷம் நடத்திக் காட்ட வேண்டும். என் முறை வந்தது. இருபத்தேழு பேர் என்னைப் பார்த்து நின்றார்கள். நான் சொன்னது முதல் ஆளுக்கே எட்டவில்லை.

"தம்பி, உம்மட குரல் எங்கை? கடலுக்குள்ள விட்டிட்டீரோ?" என்றார் செல்வநாயகம். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. வரிசை, எண்ணிக்கை, குரல் என்று கட்டங்கள். குரல் என்ற கட்டத்தில் 'போதாது' என்று எழுதியதை நான் தலைகீழாகவே படித்தேன்.

அன்று சாயந்திரம் அவரே ஒரு விசிலைக் கொடுத்தார். ஒரு சின்ன ஊதல் என்றால் கூடு. இரண்டு என்றால் வரிசை. ஒரு நீளம் என்றால் நில். அது எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் இருபத்தேழு பேரை நகர்த்த முடிந்தது. யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. கால் கட்டைவிரல்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பத்தாம் நாள் செல்வநாயகம் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வரிசை எண்டால் அர்ச்சுனன்ட வரிசை. நூல் பிடிச்ச மாதிரி." திரும்பும் பஸ்ஸில் அதை இரண்டு மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மடியில் ஒரு பந்தும் வலையும் ஒரு பை சுண்ணாம்பும் இருந்தன.

முதல் ஞாயிறு ஐம்பத்து மூன்று பேர் வந்தார்கள். கேட் காவல் காசிமுடையது. அவர் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணி வெளியே விட்டார். புல்லில் கால் வைத்ததும் சிலர் காரணமில்லாமல் ஓடினார்கள். முனியாண்டி குட்டிக்கரணம் அடித்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். பெண்கள் வேலியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போய் நின்றார்கள்.

நான் விசிலை எடுத்து ஒன்று ஊதினேன். பிறகு இரண்டு.

வேலி ஓரம் ஏதாவது நடந்தால் காவல்காரர்கள் ஊதுவதும் விசில்தான். காசிம் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, "தியாராப்! தியாராப்!" என்று கத்தியபடி ஓடி வந்தார். படுங்கள் என்று அர்த்தம். பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். நான் விசிலைத் தூக்கிக் காட்டினேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டார்.

படுத்தவர்கள் எழுந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "கமாண்டரு துப்பாக்கியப் புடுங்கிட்டாங்கலா" என்றான் முனியாண்டி. நான் அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசில் இல்லாமல் எனக்குக் கை உடைந்த மாதிரி இருந்தது. அதனால் இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன்: "வரிசையா நில்லுங்க! ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம்!"

சிரிப்பு நின்றது.

உடனே வரிசை வந்தது. போர்டிக்சனில் நான் போட்ட எந்த வரிசையையும் விட நேராக வந்தது. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். பிறகு யாரும் சொல்லாமலே கைகள் மடிக்கும் சட்டைப் பைக்கும் போயின. ஐ.சி. என்கிற அடையாளக் கார்டுகளை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"எண்ணிக்கை சொல்லுங்க" என்றேன். முதல் ஆள் தன் கார்டு நம்பரைச் சொன்னார்.

கார்டை எடுக்காமல் நின்றவர் ஒருவர்தான். தாயம்மா அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும், ரப்பர் பால் வாளி இரண்டைக் காவடி கட்டித் தூக்கினால் ஆண்களே வழி விடுவார்கள். அவர் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வரிசையிலிருந்து விலகிக் கேட்டுக்கு நடந்தார்.

"காசிம், ஒரு ஆளு உள்ள. எழுதிக்க."

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். கால் மணி நேரத்தில் பாடாங் காலியாகிவிட்டது. வெளியே ஐம்பத்து மூன்று, உள்ளே ஐம்பத்து மூன்று. கணக்கு சரியாக இருந்தது. கடைசியாக நானும் போனேன். ஆற்றுப் பக்கம் போய் உட்கார எனக்கு முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. உட்காரவில்லை.

நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே பாடாங்கில், இதே மாதிரி போலீஸ் எங்களை நிறுத்தியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு லாரி. அதன் பின்பக்கத்தில், ஆள் காட்டிக் கொடுப்பதற்காக, தலையில் சாக்குப் போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. கார்டை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு முன்னால் நடந்தவர் மணியம் அண்ணன், தாயம்மா அக்காவின் புருஷன். அவர் போனபோது சாக்கு மேலும் கீழும் அசைந்தது. போன மாதம் காட்டு ஓரத்தில் அரிசி கொடுத்த ஆள் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "இந்த ஆளைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா சொல்லலாம்."

எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவர் நிரைக்குப் பக்கத்து நிரையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன் நான். போன மாதம் முழுக்க அவர் காலில் ஆணி ஏறிச் சீழ் பிடித்து, காட்டு ஓரம் என்ன, தன் நிரையின் முடிவுக்கே நடக்க முடியாமல் இருந்தார். அவர் வாளியை நான்தான் சுமந்தேன். ஒரு கை தூரத்தில் நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து தாயம்மா அக்கா கத்திக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. லாரி போய்விட்டது. மணியம் அண்ணன் இன்னும் வரவில்லை.

நான் அதிகம் பேசாதவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்று பேசாததை யாரும் தனியாகக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் விசில் ஊதியதில் வரிசை என்பது வேறு ஏதோ ஒன்று என்றும் நம்பிவிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு யாரும் வரவில்லை. நான் வலையைக் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஐந்தே முக்காலுக்கு அவிழ்த்து எடுத்து வந்தேன். "சத்து கெலுவார், சத்து மாசோக்" என்று காசிம் எழுதிக்கொண்டார். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று.

மூன்றாம் ஞாயிறு முனியாண்டி ஐந்து பேரோடு வந்தான்.

"வரிசை கிரிசைன்னு சொன்னே, பந்தை ஆத்துல விட்ருவேன்" என்றான் முதலிலேயே. "சடுகுடு ஆடுறோம். நீ ஓரமா நில்லு."

"கட்சி பிரிக்கணுமே."

"அதுக்கு என்னாத்துக்கு போர்டிக்சன் போவணும்? உத்தி பிரிச்சாப் போச்சு."

சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். இரண்டு பேர் கட்சித் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போய், ஆளுக்கொரு பேர் ரகசியமாக வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அது வேணுமா, இது வேணுமா என்று கேட்பார்கள். தலைவர் ஒரு பேரைச் சொல்ல, அந்தப் பேருக்கு உரிய ஆள் அவர் கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. எந்தப் பேர் எந்த ஆள் என்று தேர்ந்தெடுப்பவருக்குத் தெரியாது.

முனியாண்டியும் அவன் கூட்டாளியும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"துரை காரு வேணுமா, கிராணி சைக்கிளு வேணுமா?"

வேலிக்கு உள்ளே குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "சைக்கிளக் கேளுடா, காரு பள்ளத்துல எறங்கிடும்!" என்று வள்ளிநாயகி உள்ளிருந்தே கத்தினாள். தலைவர் சைக்கிள் என்றார். முனியாண்டிதான் சைக்கிள். அவன் உடம்புக்கு அந்தச் சைக்கிள் தாங்காது என்று இன்னும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் பதினாறு பேர். அதற்கடுத்த வாரம் வள்ளிநாயகி எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வலைக்கு இரு பக்கமும் நின்று பந்து எறிந்து பிடிக்க இடம் கேட்டாள். ஒற்றைப்படையாக ஆள் வந்துவிட்டால் ஜோடி இல்லாதவர் என்னோடு போய்ப் பேர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. நான் எந்தக் கட்சிக்கு வருகிறேனோ அந்தக் கட்சிக்குப் பந்து பொறுக்கிப் போடுவேன். பேர்களைக் கேட்பதற்கென்றே சிலர் வந்தார்கள். "கருவாடு வேணுமா, டின் மீனு வேணுமா?" "ஓட்டை போட்ட டின்னா, ஓட்டை போடாத டின்னா?" கடையில் சாமான் வாங்கினால் டின்னைக் குத்தி ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போது சட்டம், காட்டுக்குக் கடத்தினால் கெட்டுப் போகும் என்பதற்காக. சிரிப்பு அடங்க நேரமாகும்.

நான் எதையும் நடத்தவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டேன், நேரம் பார்த்தேன், கேட்டில் தலைகளை எண்ணினேன். ஆட்டம் சூடு பிடித்த பிறகு ஆற்றுப் பக்கக் கால்வாய் ஓரம் கொஞ்சம் நிற்பேன். தண்ணீர் சத்தமும் பின்னால் நாற்பது பேர் சத்தமும் சேர்ந்து கேட்கும். அது போதுமாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் இல்லாத வாரத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு மட்டும் அப்படி இல்லை என்பதும் தெரிந்தது. சனிக்கிழமையே, "நாளைக்கு மழ வருமா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஏழாம் வாரம் தாயம்மா அக்கா வந்தார். "செல்லம்மா இழுத்துட்டு வந்தா" என்று பொதுவாகச் சொன்னார். செல்லம்மா அவர் பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஜோடியாகப் பேர் வைத்தார்கள். என்னோடு அவர் பேசவில்லை. பந்து வெளியே போனால் நான் எடுத்துப் போடுவேன். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.

மூன்றாம் மாதக் கடைசி ஞாயிறு செல்வநாயகமும் இன்ஸ்பெக்டரும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், இளவயது. புதிதாக வந்தவர் என்றார்கள். மொழிபெயர்க்கக் கந்தையா வந்தார். செல்வநாயகம் என்னைப் பார்த்ததும் புன்னகைத்துத் தாளை விரித்தார். அதே கட்டங்கள்.

"எங்கை, உம்மட வரிசையைக் காட்டும்."

"வரிசை இல்லைங்க சார்" என்றேன். "உத்தி பிரிக்கிறோம்."

அவர் பேனா நின்றது. "அப்ப எண்ணிக்கை?"

"கேட்டுல எண்ணியாச்சு. நாப்பத்தொண்ணு."

வரிசை என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார்.

சடுகுடுக்காரர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பாடாங்கின் நாலு மூலைக்கும் போனார்கள். தலையோடு தலை வைத்துக் குசுகுசுத்தார்கள். எத்தனையோ வாரம் பார்த்ததுதான். ஆனால் அன்று இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தபோது அது வேறு மாதிரி தெரிந்தது. காட்டு ஓரத்தில், ஜோடி ஜோடியாக, ரகசியப் பேர் வைத்துக்கொள்ளும் தோட்டத்து ஆட்கள்.

"ஆப்பா பிசிக்-பிசிக்?" என்றார் அவர். என்ன குசுகுசுப்பு? கந்தையா விளக்கினார். அவர் தலையசைத்தார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

பெண்கள் பக்கம் ஒன்பது பேர். செல்லம்மாவுக்குக் காய்ச்சல். மற்றவர்கள் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். தாயம்மா அக்கா தனியாக நின்றார். வழக்கப்படி நான்தான் போக வேண்டும். தோளில் கை போட முடியாது. அவர் தன் துண்டின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். கால்வாய் ஓரம் வரை நடந்து நின்றோம்.

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு நீ அவரு பின்னாலதானே நின்ன" என்றார்.

"ஆமாக்கா."

"கேட்டாங்களே, தெரிஞ்சவங்க யாருன்னு."

"கேட்டாங்க."

"நான் பொம்பளைங்க பக்கம் நின்னு கத்துனேன். அது வெறும் சத்தமாப் போச்சு. பதிலா ஆவல." துண்டின் நுனியை விரலில் சுற்றினார். "அவரு கால் நோவு ஒனக்குத்தானே தெரியும்."

சொல்ல நினைத்தது எதுவும் சொல்லத் தகுந்ததாக இல்லை.

"சரி, பேரு ஒண்ணு சொல்லு. நேரமாவுது."

பேரும் வரவில்லை. அப்படியே நின்றோம். மற்ற ஜோடிகள் திரும்பிப் போய்விட்டார்கள். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் பிரித்து நிறுத்தினார். அக்காவின் கார்டை வாங்கிப் பார்த்தார். தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. புருஷன் பேர் அதில் இருந்திருக்க வேண்டும். பாடாங்கில் ஆட்டம் நின்றுவிட்டது. மற்ற எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள்.

கந்தையா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். "பேர் வைக்கத்தான் போனீங்கள் எண்டால், ரெண்டு பேரும் தனித்தனியா அந்தப் பேரைச் சொல்ல வேணுமாம். ஒண்டாக இருந்தால் சரியாம்."

எங்களிடம் பேர் இல்லை.

நான் ஒரு பேரைச் சொல்லலாம். அக்கா வேறு பேரைச் சொல்வார். பாடாங் மூடிப்போகும், அதை விடப் பெரிதாகவும் ஏதாவது நடக்கும். இன்ஸ்பெக்டர் அக்காவைக் காட்டி மலாயில் கேட்டார். கந்தையா அதைத் தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"இவவைத் தெரிஞ்ச ஆள் ஆர்?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

நான் நினைத்ததை விட அது பலமாக வந்தது. வலைப் பக்கத்தில் நின்ற செல்வநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு இன்னும் வைக்கலைங்க. அக்கா வேற ஒண்ணு கேட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்ன இதே எடத்துல இவங்க புருஷன் மணியத்தப் புடிச்சப்ப, நான் அவருக்குப் பின்னால நின்னேன். தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டாங்க. நான் சொல்லல. அதைத்தான் அக்கா கேட்டாங்க."

கந்தையா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அர்ச்சுனன், இதைச் சொல்லத்தான் வேணுமோ? யோசிச்சுப் பாரும்" என்றார்.

"சொல்லுங்க ஐயா. இதையும் சொல்லுங்க. அரிசி குடுத்தாருன்னு சொன்ன மாசம் அவரு காலுல ஆணி. மருந்துக் கொட்டாயில கட்டுப் போட்ட கணக்கு இருக்கும். அவரு வாளிய நான்தான் தூக்குனேன். மாசம் முழுக்க."

கந்தையா சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக, கணக்கு ஒப்பிப்பது போல, எதையும் விடாமல். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். என் கார்டையும் கேட்டு வாங்கி நம்பரை எழுதினார். அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"வாய் வரலைங்க."

அவர் எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, கார்டைத் திருப்பிக் கொடுத்து, பாடாங் பக்கம் கையைக் காட்டினார்.

"மாயின்லா" என்றார். ஆடுங்கள்.

அவர் ஜீப் வரை போகும் மட்டும் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கட்சித் தலைவியாக நின்ற வள்ளிநாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்:

"அக்கோவ்! பேரு வச்சாச்சா, இல்ல அதையும் போலீசு எழுதிட்டுப் போயிடுச்சா?"

தாயம்மா அக்கா துண்டைச் சுண்டினார். நுனி இன்னும் என் கையில் இருந்தது. நடந்தோம். என்னிடம் எதுவும் கேட்காமல், வள்ளிநாயகி முன்னால் நின்று சொன்னார்:

"விசிலு வேணுமா, வாயி வேணுமா?"

"விசிலுதான் காசிம் பையில இருக்கே. வாயி குடுங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "போ. நீதான்."

வள்ளிநாயகி கட்சிக்குப் பந்து பொறுக்கினேன். அக்கா எதிர்க்கட்சி. பலமாக எறிகிறவர், பந்து பல முறை கால்வாய் வரை போயிற்று. ஐந்தே முக்காலுக்கு நாற்பத்தொரு பேரும் உள்ளே வந்தோம். காசிம் இரண்டு முறை எண்ணினார்.

அடுத்த வாரம் மருந்துக் கொட்டாயின் பழைய புத்தகத்தை வாங்கிப் போக ஒரு போலீஸ்காரர் வந்தார். கந்தையா கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். அதன் பிறகு அதைப் பற்றி மூன்று மாதம் ஆகியும் ஒரு சேதியும் இல்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. தாயம்மா அக்கா மட்டும் தினமும் ஆபீஸ் ஜன்னல் பக்கமாக நடந்து போனார், அது அவர் வழி இல்லை என்றாலும்.

பாடாங்கைப் பற்றிய கடிதம் பதினைந்தாம் நாள் வந்தது. கந்தையா பெரட்டில் படித்தார். இன்னும் ஆறு மாதத்துக்கு ஞாயிறுகளில் கேட் திறக்கும். கால்வாய் ஓரம் யாரும் போகக் கூடாது. பேர் வைப்பதைச் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். தொண்டர் அர்ச்சுனனுக்கு இந்த முறை சான்றிதழ் இல்லை.

"அப்ப ஆத்துப் பக்கம் போவ முடியாதா?" என்றான் முனியாண்டி, என்னைப் பார்த்து.

"முடியாது" என்றேன்.

பிறகு கந்தையா என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டுச் செல்வநாயகத்தின் தாளைக் காட்டினார். நான் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தாராம். வரிசை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'சரி'. குரல் என்ற கட்டத்தில் முதலில் ஏதோ எழுதி அடித்திருந்தார். அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'போதும்.'